ஐம்பத்தொண்ணுக்கு நாப்பத்தொம்பது

ஜன்னலை அடைக்க வேணாம் சார், காத்து வரட்டும். நீங்க கோயம்புத்தூர் வரைக்கும்தானே? நானும் அங்கதான். அப்ப பேசிக்கிட்டே போகலாம்.

முன்னாடி பாருங்க. டிரைவருக்குப் பின் சீட்டு, வழுக்கைத் தலை, கழுத்துல பச்சைத் துண்டு. பட்டுன்னு பாக்காதீங்க சார், திரும்பிருவாரு. ரோட்டைப் பாக்குற மாதிரிப் பாருங்க. பாத்தீங்களா? அவருதான் என் சம்பந்தி. பேரு நாகமுத்து. என் பொண்ணை அவரு பையனுக்குத்தான் கட்டிக் குடுத்திருக்கேன். தேனியில ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஏறுனோம். ஒரே பஸ்ஸு, ஒரே ஊரு, போற வீடும் ஒண்ணுதான்.

அப்புறம் ஏன் நீ ஏழு சீட்டுத் தள்ளி உக்காந்திருக்கேன்னு கேக்குறீங்க. கேக்கலையா? கேட்ட மாதிரி இருந்துச்சு.

மனுசன் இருபத்தொம்பது வருஷம் கவர்மெண்டு பஸ் ஓட்டுனவரு. ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்துனது இல்லைன்னு மெடல் குடுத்திருக்காங்க. அந்த மெடலைக் கல்யாணப் பத்திரிகையில போடச் சொன்ன ஆளு சார் அது. பேருக்குக் கீழ "விபத்தில்லா ஓட்டுநர்"ன்னு போட்டிருந்துச்சு. இப்பப் பாருங்க, வளைவு வரும்போதெல்லாம் வலது காலை அமுக்குறாரு. ரிட்டயராகி நாலு வருஷமாச்சு, கால் மட்டும் இன்னும் ஆகல. என் காலைப் பாக்காதீங்க சார். எனக்கு நரம்பு இழுக்குது, அது வேற.

என் பேரு போதுராஜ். தேனியில டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன், இருபத்தாறு வருஷமா. ஜெயவீரா டிரைவிங் ஸ்கூல்னு கேளுங்க, சின்னப்புள்ளைகூடச் சொல்லும். வாசல்ல "பொறுமையே பாதுகாப்பு"ன்னு போர்டு இருக்கும். நானே எழுதுனது. எங்க ஊர்ல ஸ்டீயரிங் புடிக்கிறவன்ல பாதிப் பேரு என்கிட்டப் படிச்சவன். மிச்சப் பாதிப் பேருதான் இடிக்கிறவன்.

சம்பந்தம் பேச வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. மாப்பிள்ளை தினகரன் கோயம்புத்தூர்ல மோட்டார் பம்ப் கம்பெனியில வேலை, தங்கமான பையன். ரெண்டு பக்கமும் வண்டி ஓட்டுற குடும்பம், பொருத்தம் இதுக்கு மேல என்ன வேணும்னு எல்லாருக்கும் சந்தோசம். காபி குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வைக்கையில இவரு சொன்னாரு, "டிரைவிங் ஸ்கூலுங்களா? நல்லது, நல்லது. ஆனா கத்துக் குடுக்குறது வேற, ஓட்டுறது வேற, என்ன சொல்றீங்க சம்பந்தி?" சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். பொண்ணைப் பெத்தவன் சிரிக்கத்தானே செய்யணும்.

அதுலருந்து ஒன்றரை வருஷம் சார், எல்லாத்துக்கும் வழி விட்டேன். பந்தியில அவங்க மொதல்ல. போட்டோவுல அவங்க மொதல்ல. கோயில்ல தீபாராதனைத் தட்டுகூட அவருக்கு நீட்டுன பெறகுதான் எனக்கு வரும். ஒரு வார்த்தை பேசல. நான் அப்படி ஆளு, மனசுல எதையும் வச்சுக்க மாட்டேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன ஆவணி மாசம், என் பொண்ணு சுகப்பிரியாவுக்கு வளைகாப்பு. ஒம்பதாம் மாசம். மண்டபம் பைபாஸ் ரோட்டுல, ரவுண்டானாவைத் தாண்டி ரெண்டே நிமிஷம். பத்தரைக்கு நல்ல நேரம். பொண்ணும் மாப்பிள்ளையும் முன்னாடியே போயிட்டாங்க. நான் எங்க ஸ்கூல் கார்ல வர்றேன். பக்கத்துல என் சம்சாரம் பாண்டீஸ்வரி. பின் சீட்டுல புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்கா சாதம், தயிர்சாதம், சக்கரைப் பொங்கல், அஞ்சு தூக்கு. சம்பந்தி அவரு கார்ல வர்றாரு, பக்கத்துல சம்பந்தியம்மா. அவங்க வண்டியில சீர்த்தட்டும் வளையலும். ஏழு கலர்ல கண்ணாடி வளையல், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா.

ரவுண்டானா வந்துச்சு. நான் வடக்க இருந்து உள்ள நுழையிறேன். என் வலது கைப் பக்கமா, ஏற்கனவே உள்ள சுத்திக்கிட்டு அவரு வர்றாரு. நான் ஆரன் அடிச்சேன். மொறையா அடிச்சேன். அவரு உள்வட்டத்துலருந்து சடார்னு இடது பக்கம் மண்டப ரோட்டுக்கு ஒடிக்கிறாரு. இண்டிகேட்டரு? கெடையாது. இருபத்தொம்பது வருஷம் பஸ் ஓட்டுனவருக்கு இண்டிகேட்டரு எதுக்கு, ஊரே ஒதுங்குமே. வந்தாரு, என் வலது பக்க மட்கார்டுல டமால்!

யாருக்கும் ஒண்ணும் ஆகல சார், பயப்படாதீங்க. ரெண்டு வண்டியும் மாட்டுவண்டி வேகம்தான். அதுவும் எப்படின்னு கேளுங்க. ஸ்கூல் கார்ல பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு, கத்துக்கிறவன் தப்புப் பண்ணுனா நாங்க அமுக்குறதுக்கு. அதை என் சம்சாரம் அமுக்கிட்டா! வண்டி ஓட்டத் தெரியாதவ. இருபத்தாறு வருஷமா அந்தப் பிரேக் பக்கமே கால் வைக்காதவ. அன்னைக்கு "ஏங்க, ஏங்க"ன்னுக்கிட்டு ரெண்டு காலையும் வச்சு மிதிச்சிட்டா. அவ மட்டும் மிதிக்கலைன்னா நான் தாண்டிப் போயிருப்பேன். அப்ப அவரு வந்து என் வண்டியோட நடுவுல, கதவுல இடிச்சிருப்பாரு, தப்பு முழுக்க அவரு மேல இருந்திருக்கும். இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியல. அவங்க வண்டியில இடிக்கிற பக்கம் சம்பந்தியம்மா, நம்ம வண்டியில கதவோரம் நீங்க, கதவு போனா யாரு போயிருப்பான்னு கேக்குறா. பொம்பளைங்களுக்கு ரூல்ஸு வேற.

எறங்குனேன். அவரும் எறங்குனாரு. ரோடெல்லாம் வளையலு. பச்சையும் சிவப்புமா அப்படி மினுங்குது. என் வண்டிக்குள்ள புளிசாதம் கண்ணாடியில ஒட்டியிருக்கு.

"இண்டிகேட்டர் எங்க சம்பந்தி?"ன்னேன்.

"உள்ள இருக்குறவனுக்கு வழி விடணும்னு தெரியாதா சம்பந்தி?"ன்னாரு.

"நான் ஆரன் அடிச்சேன்."

"ஆரனை யாரு வேணா அடிக்கலாம். ஆட்டோக்காரன்கூட அடிக்கிறான். பிரேக் அடிக்கணும்."

"எனக்கா? எனக்கா சொல்லித் தர்றீங்க?"

"வேற யாரு சொல்லித் தர்றது? நீங்க ஸ்கூலு, நான் ரோடு."

அதுக்குள்ள நாலு பக்கமும் வண்டி நின்னுருச்சு. டிராபிக் ஏட்டு ஓடி வந்தான். பரணின்னு பேரு. என்கிட்டப் படிச்ச பையன் சார்! அப்பாடா, தெய்வம் அனுப்புன மாதிரி வந்தானேன்னு "சொல்லுப்பா பரணி, ரூல்ஸ் என்ன?"ன்னேன். அவன் நெளியிறான். "சார், நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க... உள்ள சுத்துறவனுக்குத்தான் மொதல்ல வழி விடணும்னு. சுவத்துல படமே வரைஞ்சு வச்சிருக்கீங்களே, அம்புக்குறி போட்டு"ங்கிறான். ஊரு முன்னாடி சொல்றான்! அட கூறுகெட்டவனே, அது பரீட்சைக்கு வரைஞ்ச படம்டா. சம்பந்தி சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு. ஆனா பரணி அதோட நிறுத்தல. "நீங்களும் இண்டிகேட்டர் போடலையே பெரியவரே"ன்னு அவரையும் கேட்டான். அவரு சிரிப்பு அப்படியே நின்னுருச்சு. நல்ல பையன். நான் சொல்லிக் குடுத்ததுல ஒண்ணு அவனுக்குச் சரியா ஏறியிருக்கு.

பொம்பளைங்க என்ன பண்ணுனாங்கன்னு கேளுங்க. எங்களுக்கு யாருக்கும் சொல்லாம, சம்பந்தியம்மாவும் என் சம்சாரமும் ரோட்டுல குனிஞ்சு உடையாத வளையலைப் பொறுக்குனாங்க. உருளாத தூக்கை எடுத்தாங்க. ஒரே ஆட்டோவுல ஏறிப் போயிட்டாங்க. நான் பாக்கவே இல்ல. நான் அப்ப டயர்த் தடத்தைச் சாக்பீஸால கோடு போட்டுக்கிட்டு இருந்தேன். என் கோட்டுக்குப் பக்கத்துல அவரு ஒரு கோடு போட்டாரு.

அங்க வளைகாப்பு முடிஞ்சிருச்சு சார். நாங்க போனப்ப மணி பன்னெண்டே கால். இலை எடுத்துட்டாங்க. போட்டோ இருக்கு, பாத்தா மனசு கஷ்டமாயிரும். பொண்ணு நாற்காலியில உக்காந்திருக்கு, ரெண்டு கையிலயும் வளையலு, ஒரு கையில ஒம்பது, ஒரு கையில அஞ்சு. ரெண்டு அம்மாவும் ரெண்டு பக்கம். எங்க ரெண்டு பேரையும் காணோம். போட்டோகிராபர் அவசரப்பட்டுட்டான், கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

வழக்கப்படி அன்னைக்கே பொண்ணை நாங்க எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும், தலைப்பிரசவத்துக்கு. "வாம்மா போகலாம்"ன்னேன். என் சட்டையில இருந்த புளிசாதத்தைப் பாத்தா. "நான் யாரு வீட்டுக்கும் வரலப்பா"ன்னா. புருசனும் பொண்டாட்டியும் சாயங்காலமே கோயம்புத்தூருக்குக் கெளம்பிட்டாங்க. பின்னாடியே ஒத்தாசைக்குன்னு பாண்டீஸ்வரி போனா. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுச் சம்பந்தியம்மா போனாங்க. ரெண்டு பேரும் இன்னும் திரும்பல. அங்க ஒரே அடுப்படியில கொழம்பு வைக்கிறாங்களாம். சண்டை வரும், வரும்னு நானும் பாக்குறேன், அஞ்சு மாசமா வரல. அதைவிடக் கேளுங்க, பாண்டீஸ்வரி அங்க கார் ஓட்டக் கத்துக்கிறாளாம்! வேற ஸ்கூல்ல! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனா? கேட்டாத்தான் என்ன, இருபத்தாறு வருஷமா நேரம் எங்க இருந்துச்சு.

இங்க தேனியில நாங்க ரெண்டு பேரும். அவரு அவரு வீட்டுல, நான் என் வீட்டுல. மத்தியானம் ஒரே மெஸ்ஸு. வேற நல்ல மெஸ்ஸு இல்ல சார். அவரு கெழக்க பாத்து உக்காருவாரு, நான் மேக்க பாத்து.

இன்சூரன்ஸ்ல இருந்து சர்வேயர் வந்தாரு. சின்ன வயசு, அமைதியான ஆளு. ஜவுளிக்கடை கேமராவுல இருந்து படம் வாங்கி, கம்ப்யூட்டர்ல போட்டு எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுக் காட்டுனாரு. மேல இருந்து பாக்க எறும்பு மாதிரி இருக்கு. ஒரு எறும்பு சுத்துது, ஒரு எறும்பு வருது. முட்டிக்குது. அவ்வளவுதான். "ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்கு. இவரு வழி விடல. அவரு சைகை காட்டாம திரும்பிட்டாரு. பாதிப் பாதின்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சது"ன்னாரு.

பாதிப் பாதியா? நான் என்ன தேங்காயா சார்?

நான் பிடிவாதக்காரன் இல்ல. விட்டுக் குடுக்குறவன். வீட்டுக்குப் போயி ராவா பகலா யோசிச்சு, மறுநாள் சொன்னேன். "ஐயா, எனக்கு நாப்பத்தொம்பது சதவீதம் தப்புன்னு எழுதுங்க. ஒத்துக்கிறேன். அவருக்கு ஐம்பத்தொண்ணு." இதைவிடப் பெருந்தன்மையா ஒருத்தன் பேச முடியுமா? சர்வேயர் என்னைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் மேசை டிராயரைத் தொறந்து ஒரு லெட்டரை எடுத்துப் போட்டாரு. சம்பந்தி காலையிலேயே குடுத்துட்டுப் போயிருக்காரு. அதுல, அவருக்கு நாப்பத்தொம்பதாம், எனக்கு ஐம்பத்தொண்ணாம்! பாருங்க சார், அந்த ஆளோட வீம்பை. ஒரே ஒரு சதவீதத்துக்கு இப்படி அடம்புடிக்கிற மனுசனை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

நான் விடல. ரூல்ஸ் புத்தகத்தை எடுத்து, படம் போட்டு, பதினாலு பக்கம் ஆட்சேபனை எழுதுனேன். அதை எழுதிக்கிட்டு இருந்த அன்னைக்குத்தான் பாப்பா பொறந்துச்சு. பொம்பளப் புள்ள. போனை அணைச்சு வச்சிருந்தேன், படம் வரையையில யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு. எழுதி முடிச்சு டீக்கடைக்குப் போறேன், அங்க சம்பந்தி எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துக்கிட்டு இருக்காரு. "பேத்தி பொறந்திருக்கா, பேத்தி"ங்கிறாரு. என் பொண்ணு பெத்த புள்ளையை அவரு மொதல்ல சொல்றாரு சார். டீக்கடைக்காரன் "அண்ணே, உங்களுக்குத் தெரியாதா?"ன்னு என் கையிலயும் ஒரு மிட்டாயை வச்சான். வாங்கிக்கிட்டேன். என்ன பண்றது. அது ஓவர்டேக்தான், ஆனா அதுக்கு எந்தக் கேமராவும் இல்லையே.

அன்னைக்கே கெளம்பியிருப்பேன். பொண்ணு சொல்லிட்டா, "தனித்தனியா வர வேணாம். கையெழுத்துப் போட்டுட்டு ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க. அது வரைக்கும் போட்டோகூட அனுப்ப மாட்டேன்"னு. அவருக்கும் அதே உத்தரவு. மாப்பிள்ளைகிட்டத் தனியாக் கேட்டேன், "ஒரே ஒரு போட்டோ மாப்ள." "அவ சொன்னதுதான் மாமா"ன்னுட்டாரு. நாலு மாசமாச்சு. பாப்பா மூஞ்சி எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாது. குப்புற விழுந்துட்டாளாம். குப்புற விழுந்தா எங்க பக்கம் கொழுக்கட்டை பண்ணுவாங்க, பண்ணுனாங்களான்னுகூடத் தெரியல.

போன திங்கக்கெழமை பாதிப் பாதின்னே கையெழுத்துப் போட்டேன். எறங்கி வந்துட்டேன்னு நெனைக்காதீங்க. மெஸ் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கல, அதான். யாரு மொதல்ல போடுறதுன்னு ஒரு மணி நேரம் ஆச்சு. கடைசியில சர்வேயர் ரெண்டு காகிதம், ரெண்டு பேனா, ரெண்டு மேசை போட்டுக் கையைத் தட்டுனாரு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போட்டோம்.

போட்டுட்டுப் பொண்ணுக்குப் போன் பண்ணுனேன். சந்தோசப்படுவான்னு நெனைச்சேன். அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அப்பா, நெசத்தைச் சொல்லுங்க. அன்னைக்கு மாமா கார் வர்றதை நீங்க பாத்தீங்களா, பாக்கலையா?"

நான் பொய் சொல்ல மாட்டேன் சார். "பாத்தேம்மா. கண்ணாடியில எலுமிச்சம்பழம் தொங்குறது வரைக்கும் பாத்தேன்"னேன்.

"மாமான்னு தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சதாலதான் பிரேக் போடல. வேற யாராவதுன்னா போட்டிருப்பேன். ஒன்றரை வருஷம் எல்லாத்துலயும் விட்டுக் குடுத்தாச்சு, ரோட்டுலயாவது அவரு நிக்கட்டுமேன்னு..."

பாப்பா அழுகிற சத்தம் கேட்டுச்சு, கனமான தொண்டை. அப்புறம் சொன்னா, "மாமாகிட்டயும் கேட்டேன்பா. அவரும் உங்களைப் பாத்தாராம். நீங்கன்னு தெரிஞ்சுதான் திரும்புனாராம். ரெண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தரு நல்லாத்தான் பாத்திருக்கீங்க. நான்தான் உங்க கண்ணுல படல."

நாலு நாளா யோசிக்கிறேன் சார். இதுக்கு என்ன அர்த்தம்? அவ எப்படிக் கண்ணுல படுவா? அவ மண்டபத்துலல்ல இருந்தா? ரவுண்டானாவுல இருந்து பாத்தா மண்டபம் தெரியாது, நடுவுல பெட்ரோல் பங்க் மறைக்குது. படம் வரைஞ்சு காட்டுனாப் புரிஞ்சுக்குவா. கொண்டு வந்திருக்கேன், பையில இருக்கு.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ஹலோ, சொல்லும்மா... பொள்ளாச்சி தாண்டியாச்சும்மா... ஆமா, மாமாவும் வர்றாரு... பக்கத்துலதாம்மா. பக்கத்துலயேதான்... பேசச் சொல்லவா? தூங்குறாரும்மா, நல்லாக் குறட்டை விடுறாரு, எழுப்ப வேணாம்... என்னது, அவருகூட இப்பத்தான் பேசுனியா? நான் தூங்குறேன்னா சொன்னாரு?... சரிம்மா... சரி... வீடியோவா? இப்பவா?... பாப்பா முழிச்சிருக்காளா?... சரிம்மா, சரி, சரி.

சார், அஞ்சு நிமிஷத்துல வீடியோவுல வருவாளாம். ரெண்டு மூஞ்சியும் பக்கத்துல பக்கத்துல தெரிஞ்சாத்தான் பாப்பாவைக் காட்டுவாளாம்.

இப்ப யாரு எந்திரிக்கணும்? நீங்க நடுநிலையா சொல்லுங்க. பின்னாடி இருக்குறவன் முன்னாடி போகணுமா, முன்னாடி இருக்குறவரு பின்னாடி வரணுமா? நான் பொண்ணைப் பெத்தவன், அவருதான் வரணும். அதான் மொறை. வரட்டும். நான் இங்கேயே இருக்கேன்.

அட, எந்திரிக்கிறாரு சார். துண்டை ஒதறித் தோள்ல போடுறாரு. பாருங்க, இங்கதான் வர்றாரு.

இல்ல சார், இது சரியா வராது. அவரா வந்துட்டா, பெரிய மனுசன் எறங்கி வந்தாருன்னு ஆயிரும். பெருந்தன்மையெல்லாம் அவரு கணக்குல போயிரும். காலத்துக்கும் இதையே சொல்லிக் காட்டுவாரு. நான்தான் மொதல்ல போகணும்.

காலை மடக்குங்க சார், சீக்கிரம். வந்துட்டாரு பாருங்க, கம்பியைப் புடிச்சுப் புடிச்சு வேகமா வர்றாரு. வழி விடுங்க சார், வழி விடுங்க!